ஹுன்னஸ்கிரியவில் பெய்த ஐரோப்பியப் பனி

ஹபீலாவுக்கு ஹிந்தி தெரியும் என்று கண்டிக்குப் பக்கத்துத் திகன ஊர் முழுக்கப் பேர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் அதைப் படித்ததில்லை. சின்ன வயதிலிருந்து டீவியில் பார்த்துத் தள்ளிய ஹிந்திக் காதல் படங்கள்தான் அவளுக்கு வாத்தியார். அதனால் அந்த ஹிந்தியில் ஒரு கோளாறும் இருந்தது. ஏழு பிறவிக்கும் நீயே என் துணை என்று சொல்ல வரும். உப்பு என்ன விலை என்று கேட்க வராது.

அவளுடைய வாப்பா சாஹுல் ஹமீதுக்குத் திகனவில் மெத்தைக் கடை. இலவம்பஞ்சு அடைத்த மெத்தையும் தலையணையும் தைத்து விற்பார்கள். தையல் ஆட்களை மேய்ப்பதும் வாடிக்கையாளரைக் கவனிப்பதும் ஹபீலாவின் வேலை. மற்ற நேரத்தில் அவள் ஐரோப்பாவில் இருப்பாள். படங்களில் காதல் வந்த அடுத்த நிமிடமே பாஸ்போர்ட்டும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல் இரண்டு பேரும் சுவிட்சர்லாந்துப் பனியில் நிற்பார்கள் அல்லவா? பொம்பிளை மெல்லிய சிஃபோன் சாரியில், மாப்பிள்ளை மட்டும் கம்பளிச் சட்டையில். அந்த இடங்களில் ஹபீலா பல தடவை நின்றிருக்கிறாள், மனசுக்குள்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து என்ற தேசத்தில் எரிமலை ஒன்று பொங்கி, அதன் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடிக்கொண்டது. விமானங்கள் நின்றுபோயின. திகனவில் அந்தச் சாம்பல் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. ஆனால் மெத்தைக் கடை வாசலில் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தியது. இறங்கியவர் வழுக்கைத் தலையர். வியர்த்துக் கொட்டியது. பெயர் திவேதி, பம்பாய்ப் படக் கம்பெனியின் மேனேஜர்.

"பஞ்சு இருக்கிறதா?" என்று ஹிந்தியில் கேட்டார். கூட வந்த சிங்கள டிரைவர் வாய் திறப்பதற்குள் ஹபீலா முந்திக்கொண்டாள்.

"இத்தனை காலமும் அது உங்களுக்காகவே காத்திருக்கிறது."

திவேதி கொஞ்சம் பின்வாங்கினார். "நிறைய வேண்டும். எப்போது கிடைக்கும்?"

"கண்ணை மூடித் திறங்கள். உங்கள் காலடியில் கிடக்கும்."

"என்னவாம் மகள்?" என்றார் வாப்பா.

"பஞ்சு வேணுமாம் வாப்பா."

"அதுக்கு ஏன் அந்த மனுசன் அப்பிடிச் செவக்குறாரு?"

விஷயம் இதுதான். கொழும்பில் சில காட்சிகளை முடித்துவிட்டு அங்கிருந்து சூரிச் பறப்பதாகத்தான் அவர்களுடைய ஏற்பாடு. கடைசிப் பாட்டு அங்கே, ஒரு பழைய ஐரோப்பிய ஊரின் தேவாலயத்துக்கு முன்னால், பனியில். விமானம் இல்லை, கதாநாயகிக்கோ அடுத்த வாரம் வேறு படம். டைரக்டர் மலைநாட்டைச் சுற்றி அலைந்து, ஹுன்னஸ்கிரியத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன கல் சர்ச்சைக் கண்டுபிடித்துவிட்டார். கூர்க்கோபுரம், பாசி, மூடுபனி எல்லாம் இருக்கிறது. தரையில் கொட்டப் பனி மட்டும்தான் இல்லை.

பஞ்சு ஏற்ற லொறி வேண்டுமே! வாப்பா தாஸிமுக்குச் சொல்லி அனுப்பினார். பெயரைக் கேட்டதும் ஹபீலா முகத்தைச் சுளித்தாள். தாஸிம் அடுத்த தெரு. சொந்த லொறி வைத்திருந்தான், நல்ல பிள்ளை. பார்க்கவும் குறையில்லை. அவனுடைய உம்மா பெண் கேட்டு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஹபீலா பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். காரணம், தாஸிம் அவள் முன்னால் ஒரு முழு வாக்கியம் பேசியதே இல்லை. "ம்", "சரி", முடியாதென்றால் "ஏலா". அதற்கு மேல் வராது. "கல்லோட குடும்பம் நடத்த ஏலுமா உம்மா?" என்று அவள் தன் உம்மாவிடம் கேட்டது தாஸிம் வீடுவரை போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாப்பாவும் ஹபீலாவும் பஞ்சு மூட்டைகளோடு தாஸிமின் லொறியில் ஹுன்னஸ்கிரிய ஏறினார்கள். வாப்பா நடுவில். வழி முழுக்க அவர் மட்டுமே பேசினார்.

போய் இறங்கினால் தோட்டம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. வேலை இல்லாத நாள் என்பதால் லயக் குடியிருப்புச் சனம் முழுவதும் சர்ச்சைச் சுற்றித்தான் நின்றது. வீரய்யாவின் தேத்தண்ணிக் கடைக்குப் படக்காரர்கள் புதுப் பலகை மாட்டி, வெள்ளைக்கார எழுத்தில் என்னவோ எழுதியிருந்தார்கள்.

"என்னாங்க தங்கச்சி எழுதிருக்கு?" என்று வீரய்யா கேட்டார்.

ஹபீலா திவேதியைக் கேட்டுச் சொன்னாள். "பேக்கரியாம். பாண் கடை."

"அப்ப சரி. பாணு இருக்குதானே!" என்று அவர் நிம்மதியாக உள்ளே போனார்.

பனி கொட்டும் வேலை, கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்கும் அவருடைய கூட்டாளிப் பெண்களுக்கும். பாறை மேல் வரிசையாக நின்று, சொளகில் பஞ்சை அள்ளிக் காற்றில் புடைக்க வேண்டும்.

"ஏம்மா, பனின்னா எப்புடி விழும்? மெதுவாவா, சடசடன்னா?" என்று பேச்சியம்மா கேட்டார்.

"மெதுவா. பூப்போல" என்றாள் ஹபீலா. ஊரில் பனியைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் யார்?

டைரக்டர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே இருந்தார். "ஐரோப்பா காலியாக இருக்க வேண்டும்! யாருமே இருக்கக் கூடாது!" ஆனால் ஒவ்வொரு தேயிலைச் செடிக்குப் பின்னாலும் ஒரு தலை முளைத்தது.

எதற்காக அவ்வளவு தூரம் போய்ப் படம் பிடிக்கிறீர்கள் என்று ஹபீலா திவேதியிடம் தன் பாணியில் விசாரித்தாள். "எங்களைப் பிரிந்து ஏன் தூர தேசம் போகிறீர்கள்?" திவேதி சிரித்துவிட்டார். அவர் சொன்னது அவளுக்கு முக்கால்வாசி புரிந்தது. நம்முடைய ஊர்களில் காதலர்கள் கையைப் பிடித்தால் மாமன், சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆயிரம் கண். அங்கே அவர்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பார்க்கத்தான் சனம் டிக்கெட் வாங்குகிறது.

முதல் சொளகுப் பஞ்சு பறந்ததும் கதாநாயகி தும்மினாள். சிவப்புக் கோட்டில் ஓடி வந்து, காதலனை நெருங்கி, அவன் முகத்திலேயே தும்மினாள். பஞ்சு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கண் வீங்கியது, மூக்கு தக்காளியாயிற்று. கதாநாயகனும் பயந்துபோய் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். டைரக்டர் தலையில் கையை வைத்தபடி சுற்றிலும் பார்த்தார். பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் ஹபீலாவும், லொறிப் பக்கம் தாஸிமும் நின்றார்கள். இரண்டு பேரும் பஞ்சில் பழகியவர்கள். நாயகன் நாயகியின் அதே உயரம். இவர்களை ஓடவிட்டுத் தூரத்திலிருந்து எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

"வாப்பா!" என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள் ஹபீலா. கணுக்கால் வரை அந்தச் சிவப்புக் கோட்டு, கழுத்து முழுக்க மஃப்ளர், தலைக்குக் கம்பளித் தொப்பி, கைக்கு உறை. சாஹுல் ஹமீது மகளை மேலும் கீழும் பார்த்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே மூடியிருந்தாள். மறுக்க ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

"தொடப்படாது. கிட்ட வந்ததும் நிப்பாட்டிரணும்" என்றார்.

தாஸிமை யாரும் கேட்கவில்லை. கருப்பு ஓவர்கோட்டை மாட்டிவிட்டார்கள். "ம்" என்றான்.

தேவாலயத்தின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் அவள். பாட்டு ஒலிபெருக்கியில் முழங்கும், இரண்டு பேரும் வாயசைத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். என்ன பேசினாலும் பரவாயில்லை, சத்தம் பதிவாகாது என்றார்கள். பேச்சியம்மா கூட்டம் சொளகைத் தூக்கியது. வானம் வெள்ளையாகப் பிய்ந்து விழுந்தது. ஹபீலா ஓடினாள். நிஜமாகவே ஓடினாள்! அவளுடைய நெஞ்சு அவளுக்கு முன்னால் ஓடியது. எதிரே தாஸிம் கைகளை விரித்து, முகத்தில் காதல் பொங்க, வாயை அகல அகலத் திறந்து வந்தான். நெருங்கியதும்தான் என்ன சொல்கிறான் என்று கேட்டது.

"கண்டி, கெங்கல்ல, திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, உடதும்பர..."

ஹபீலா அப்படியே மடங்கி உட்கார்ந்து சிரித்தாள். தொப்பி நழுவி மூக்கில் இறங்கியது. டைரக்டருக்கு ஒரே குஷி. "இதுதான் சிரிப்பு! இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை, பிறகும் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் தாஸிம் பஸ் கொண்டக்டராக மஹியங்கனை வரை போய் வந்தான். ஹபீலாவுக்கு விலா வலித்தது. இந்த மனிதனுக்குள் இப்படி ஒருவன் இருக்கிறானா என்று அவளுக்கு ஆச்சரியம்.

மத்தியானம் தாண்டி மேகம் கறுத்தது. கடைசியாக ஒன்று என்றார் டைரக்டர். பாட்டு முழங்கியது, பஞ்சு பறந்தது. தாஸிம் அந்தக் கோடியிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. பாட்டு அறுந்தது. தாஸிமின் குரல் மட்டும் மலை முழுக்க எதிரொலித்தது.

"...எனக்கிப் பேச வராது எண்டு நீங்க சொன்னீங்களாம்! பேச வரும் ஹபீலா! நீங்க கிட்ட ஈந்தாத்தான் வராது! அதான் தூரத்துல ஈந்தே கேக்குறன், என்னக் கட்டுவீங்களா?"

அவன் நின்றுவிட்டான். காது மடல் சிவந்தது. தேயிலைச் செடிகள் எல்லாம் எழுந்து கைதட்டின. "அடி சக்கை!" என்று பேச்சியம்மா சொளகைத் தலைகீழாகக் கவிழ்க்க, ஒரு மூட்டைப் பனி ஒன்றாக விழுந்தது.

"என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று டைரக்டர் ஹிந்தியில் துடித்தார்.

ஹபீலா சொன்னாள். அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல அவளிடம் ஹிந்தி தாராளமாக இருந்தது. இழுத்து, நிறுத்தி, அழகாகச் சொன்னாள். திவேதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ என்ன சொல்லப் போகிறாய்?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் அவளுக்கு எந்தப் படத்திலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. தாஸிமைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. பஞ்சு நனைந்து ஆள் மேல் ஒட்ட, டைரக்டர் முதல் வீரய்யா வரை எல்லோரும் செம்மறியாடுகளாகிச் சர்ச்சுக்குள் ஓடினார்கள். "பஞ்ச அள்ளுங்க! பஞ்ச அள்ளுங்க!" என்று வாப்பா மட்டும் மழைக்குள் நின்று கத்தினார். யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க அவருக்கு அதைவிட நல்ல வழி தோன்றவில்லை. திரும்பும்போதும் லொறியில் அவர் நடுவில்தான் உட்கார்ந்தார். இரண்டு பக்கத்திலும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டிருந்ததால், தெல்தெனிய வரும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நோன்புப் பெருநாள் கழித்துக் கல்யாணம் நடந்தது. அதற்கு அடுத்த வருஷம் படம் வந்து, வந்த வேகத்திலேயே போயும்விட்டது. டீவிடி கிடைத்ததும் வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ரத்தினம்மா டீச்சரின் மருமகன் நடராஜாவும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுவிஸில் இருபது வருஷமாக இருக்கிறவர். பாட்டு வந்தது. பனி கொட்ட, சிவப்புக் கோட்டும் கருப்புக் கோட்டும் தேவாலயத்தின் முன்னால் ஓடி வந்தன.

நடராஜா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம், இந்தச் சேர்ச் எனக்கு நல்லாத் தெரியும். லுசேர்ன் பக்கம். போன மாரிக் குளிருக்கும் பிள்ளையளோட போனனான். உந்தக் குளிர் இருக்கே, எலும்புக்குள்ள இறங்கும்."

வாப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா வாங்கோ" என்றார் நடராஜா. "நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

"வாறோம் அண்ணன்" என்றான் தாஸிம், சிரிக்காமல். "பாண் கடை ஒண்டும் ஈக்கிமே அங்க?"

"பின்ன? அருமையான பாண்!"

ஹபீலா சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.