மூன்றாவது மூட்டை

"அந்தப் பொண்ணு எது கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத, புரியுதா?"

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றபோது சிவஞானம் தம்பி மனைவியிடம் சொன்னது இதுதான். மலர்கொடி தலையசைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். கணவன் இறந்த பிறகு இந்த ஆறு வருடங்களில் தலையசைப்பதற்கு அவள் நன்றாகப் பழகியிருந்தாள்.

மரக்காணம் உப்பளங்களுக்கு மேற்கே அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் பாதி அவள் கணவனுக்குச் சேர வேண்டியது. பட்டா சிவஞானம் பெயரில். நடவு, களை, தண்ணீர் எல்லாம் மலர்கொடி பாடு. பாகம் என்ற பேச்சை அவள் ஒரே ஒருமுறை எடுத்தாள். அன்றைக்கே அவளுடைய டிரங்குப் பெட்டி தெருவில் வந்து விழுந்தது. பத்தாவது படிக்கும் மகள் ஓடிப்போய்ப் புத்தகங்களைப் பொறுக்கினாள். அதற்குப் பிறகு மலர்கொடி எதுவும் கேட்கவில்லை.

வந்தவள் நிவேதா, புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவி.

"உரத்துக்கு அரசாங்கம் தர்ற மானியம் இங்கயும் இலங்கையிலயும் இருபது வருஷமா எப்படி மாறிச்சுன்னு எழுதுறேன் சார். அங்க முன்னாடி கொறஞ்ச வெலைக்கு மூட்டை குடுத்தாங்க. அப்புறம் கொஞ்ச நாள் பணம், மறுபடி மூட்டை. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல கெமிக்கல் உரமே கூடாதுன்னுட்டாங்க. வெளைச்சல் விழுந்துபோச்சு. இங்க யூரியா வெலை பல வருஷமா பெருசா ஏறல."

"நம்ம கவர்மென்ட் பரவால்லம்மா," என்றார் சிவஞானம். "மிஷின்ல ரேகை வெச்சா மூட்டை. இந்தப் போகத்துக்கு மூணு வாங்கினேன். மூணும் வயலுக்குத்தான்."

அடுப்படியில் மலர்கொடியின் கை நின்றது. மூன்றில் ஒன்று வீட்டுக்கே வந்ததில்லை. கடையிலிருந்தே அவர் அதை வேறு யாருக்கோ தள்ளிவிடுவது வழக்கம்.

"எப்பெப்ப போட்டீங்க சார்?"

"அது... நட்டதும் ஒண்ணு. அப்புறம்... மீதி."

"உப்பு ஏறின எடத்துக்கு?"

"அங்கயும் அதே அளவுதான்."

"அங்க போடலீங்க."

சொன்ன பிறகுதான் மலர்கொடிக்குத் தான் பேசிவிட்டது உறைத்தது. சிவஞானம் மெல்லத் திரும்பினார்.

"தம்பி பொண்டாட்டி. சும்மா கூடமாட ஒத்தாசை."

"வெளிய வாங்கக்கா," என்றாள் நிவேதா.

மலர்கொடி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கெழக்கு மூலை உப்பேறிக் கெடக்குது. அங்க போட்டா வீண்தான்னு வுட்டுட்டேன். மீதிக்கு, நட்டு இருபதாம் நாள் ஒரு மூட்டை, கதிர் உள்ள பொதி கட்டும்போது ஒண்ணு. நான்தான் போட்டேன்."

"ரெண்டா? சார் மூணுன்னாரே?"

சிவஞானம் சிரித்தார். "அதுக்கு என்னாம்மா தெரியும்!" சிரித்தபடியே மலர்கொடியைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கி எறிந்த அன்றும் அவர் முகத்தில் அதே சிரிப்பு இருந்தது. பள்ளி விட்டு மகள் வரும் நேரம். அவள் வரும்போது வீட்டுக் கதவு திறந்திருக்குமா?

"ரெண்டுதாங்க. மூணாவது வயலுக்கு வரல."

நிவேதாவின் பேனா கையிலிருந்த ஃபாரத்தின் மேல் தயங்கியது. "பட்டா யார் பேர்லயோ அவங்கதான் விவசாயின்னு ஃபாரம்ல இருக்குக்கா. சார் சொன்னதத்தான் நான் எழுத முடியும்."

"இலங்கைக்காரங்களுக்கும் இதே ஃபாரமா?"

"ரெண்டு நாட்டுக்கும் இதேதான்க்கா." குனிந்தபடியே அவள் மூன்று என்று எழுதினாள்.

நிவேதா ஸ்கூட்டரை எடுக்கும்போது மலர்கொடி சிவஞானத்தைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

"உள்ள வா," என்றார் அவர், சத்தம் போடாமல்.

அவள் திரும்பவில்லை.

"மேடம், எம் பேர எழுதிக்குங்க. மலர்கொடி."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

"ஓரத்துல எழுதுங்க. ரெண்டு மூட்டைன்னும் எழுதுங்க."

நிவேதா வாசலில் நின்ற மனிதரைப் பார்த்தாள். ஃபாரத்தை வெளியே எடுத்தாள். குரலைத் தாழ்த்தி, "பயமா இல்லையாக்கா?" என்றாள்.

"பயமாத்தான் இருக்குது. எழுதிட்டீங்களா?"