பாதி முகம்

காய்ந்து வெடித்திருந்த சோப்பு நுரையைத் துடைக்க ஈரத்துணியோடு குனிந்த அக்காவின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"விடு. அவன் முடிப்பான்."

கட்டிலில் அப்பா கிடந்தார். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் நரைமுடி, அதன்மேல் வெள்ளைப் பொருக்கு.

"ஊர்ல இருக்கிற முகத்தையெல்லாம் பளபளன்னு பண்ணி அனுப்புற. பெத்தவர் முகம் இப்படியாடா?" என்றாள் அக்கா, தம்பியிடம்.

அவனுடைய முடிதிருத்தும் கடை அதே வீட்டின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது.

அப்பா தபால் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிந்ததும் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். "கர்த்தர் கூப்பிடுறப்ப, 'கொஞ்சம் இருங்க, முகம் கழுவிட்டு வரேன்'னு சொல்றது மரியாதையா?" என்பார். தெருவில் அவருக்கு 'ரெடி ஐயா' என்று பெயர். கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து மழிக்கும் வேலை மகனுடையதாயிற்று. ஞாயிறு என்றும் பார்க்கமாட்டார், காய்ச்சல் என்றும் பார்க்கமாட்டார்.

இன்று காலை அவனுக்கு அலுப்பாக இருந்தது.

"ஒருநாள் விட்டா என்னப்பா? உங்க கர்த்தரே தாடி வச்சவர்தானே?"

அப்பா நுரைக்குள்ளிருந்து சிரித்தார். "அவருக்குத் தாடி அழகு. எனக்கு அரிக்குது. பேசாம இழுடா."

வலது கன்னம் முடிந்த நேரத்தில் கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். "இதோ வந்துடறேன்ப்பா" என்று கத்தியைத் துடைத்து மடித்து வைத்துவிட்டு இறங்கினான்.

வந்தவர் மீசையை மட்டும் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அவன் மேலே போகவில்லை. சுழல் நாற்காலியில் தானே சாய்ந்து, தொலைக்காட்சியில் கால்பந்தாட்டம் பார்த்தான். தினமும் என்ன இவ்வளவு அவசரம், இன்றைக்குக் கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்று ஒரு எரிச்சல். மாடிப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "வேலையாடா?"

அவன் கத்தரிக்கோலை எடுத்து வெறும் காற்றை வெட்டினான். அந்தச் சத்தமே பதிலாக இருக்கட்டும் என்று வேகவேகமாக வெட்டினான். சற்றுப் பொறுத்து அம்மாவின் காலடி திரும்பிப் போயிற்று.

ஆட்டம் முடிவதற்குள் மேலிருந்து அம்மாவின் அலறல் கேட்டது.

இப்போது போதகர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பெட்டி வந்திருச்சும்மா. ஜெபத்தை ஆரம்பிக்கலாமா?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றாள் அம்மா. அக்கா அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். அவனுக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"கோவமா இருந்தாராம்மா?"

அம்மா போர்வையின் சுருக்கத்தை நீவினாள். "துடைச்சு விடட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம், நுரை இருந்தா அவனுக்குச் சுலபம்'னாரு. கத்தரி சத்தம் கேட்டுச்சு. 'காலையிலேயே ஆள் வந்திருக்கு பாரு, நல்லா இருக்கட்டும்'னாரு. முன்னாடி போற வண்டி கொஞ்சம் நின்னாலே ஹாரன்லேர்ந்து கையை எடுக்காத மனுஷன். 'பொறுமையைத் தாரும்'னு ஆயுசு முழுக்க ஜெபம் பண்ணினவரு. இன்னிக்குத்தான் அதைக் கண்ணால பாத்தேன்."

"அம்மா, கடையில..."

"யாரும் இல்ல. பாதிப் படி இறங்கிப் பாத்தேன்."

கூடத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேர் காத்திருக்காங்க, முடிச்சிட்டு வருவான்னு சொன்னேன்." அம்மா தரையைப் பார்த்தாள். "பொய்தான். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வேலையைப் பாரு."

எழுந்து போய், ஆவி பறக்கும் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். "வெந்நீரே வச்சுக்கோ. பச்சத் தண்ணி அவருக்கு ஆகாது."

அவன் துண்டை நனைத்துப் பிழிந்து இடது கன்னத்தில் வைத்தான். பொருக்கு மெல்ல இளகி வந்தது. புது நுரை குழைத்துப் பூசினான். கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. எல்லாரும் அவனுக்காகத்தான் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

காதோரத் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, கத்தியை வைத்தான். தோல் குளிர்ந்திருந்தது.

"வலிக்குதாப்பா?"

கேட்டுவிட்டு, கத்தியை நகர்த்தாமல் காத்திருந்தான்.