டிராப்ட்டில் பேர் வந்த காலை

1.

இந்தக் கதை விநாயகமூர்த்தியால் வந்தது. எங்கள் கோயில் ஆண்டு மலருக்கு அவர்தான் ஆசிரியர். "அண்ணே, ஒரு கதை எழுதிக் குடுங்க. அரசியல் வேணாம், சாமியைத் திட்ட வேணாம், யார் குடும்பத்தையும் இழுக்க வேணாம்" என்றார். அப்புறம் என்னய்யா மிச்சம் என்றேன். கொஞ்சம் யோசித்து, "புட்பால் எழுதுங்க. புட்பால்ல யாருக்கும் வம்பு வராது" என்றார். படி இறங்கும்போது, "மொதல்ல டிராப்ட் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது எனக்குத் தெரிந்த டிராப்ட் ஒன்றே ஒன்று. பேங்கில் எடுப்பது. என் கதையைப் போட நானே பணம் கட்ட வேண்டுமா?

[இந்த இடத்தில் அவரைத் திட்டி எழுதியிருந்தேன். அவர் கேட்டது கதையின் முதல் கைப்பிரதியை என்று பிறகு தெரிந்தது. எடுத்துவிட்டேன். திட்டு நன்றாகத்தான் வந்திருந்தது.]

நான் நாலாவதோடு நின்றவன். பயணிகள் ஏறும் லைன் கார் ஓட்டிப் பிழைத்தவன். இப்போது ஒரு மொத்த வியாபாரிக்கு வெங்காய வண்டி ஓட்டுகிறேன். பேர் பொன்னுத்துரை. கதை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

2.

முதல் ஆரம்பம்: "ரங்கூன் பபேடான் வீதிகளின்மீது கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிய அந்த வைகறைப் பொழுதில்..." வேண்டாம். எங்கள் தெருவில் துணி காயப்போட்ட கொடிகளைத் தாண்டி வெயில் கீழே இறங்கவே உச்சிப் பொழுதாகும்.

இரண்டாவது: "ரிஹான் மிக நல்ல பையன்." இதுவும் நிற்காது. கடையில் ஒரு கிளாஸ் கழுவச் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே கழுவின கிளாஸையே திரும்பக் கழுவுகிறவன்.

மூன்றாவது: "திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு வந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, தஸ்தகீர் பாயின் டீக்கடையில் அவர் மகன் ரிஹான் கத்தினான்." இது நடந்தது. இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் என்ன கத்தினான் என்று சொல்வதற்கு முன்னால் அமெரிக்கா வரைக்கும் போய்வர வேண்டும்.

3.

அமெரிக்காவில் புட்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். காலால் உதைப்பது எப்போதாவது, போனால் போகிறது என்று. ரிஹானுக்கு இதில் பைத்தியம். அதிலும் ஆட்டத்தில் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை புது ஆட்டக்காரர்களை டீம்கள் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எடுக்கும். அதற்குப் பேர்தான் டிராப்ட் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்த டீம் யாரை எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவன் பைத்தியம். அங்கே ராத்திரி நடப்பது இங்கே நமக்கு விடிகாலை மொஹிங்கா சாப்பிடும் நேரம்.

"மொதல்ல எடுக்கிற டீமுக்கு குவாட்டர்பேக் வேணும்னு உலகமே சொல்லுது போபோ. நான் இல்லைங்கிறேன்" என்றான். என்னைத் தாத்தா என்று கூப்பிட அவனுக்கு வாய் வராது. பர்மாப் பேச்சில் போபோதான்.

"குவாட்டர்ஸ்னா எனக்குத் தெரியும். நான் ரயில்வே குவாட்டர்ஸ்ல பொறந்தவன்" என்றேன்.

"அது வீடு. இது ஆளு. பந்தை எறியறவன். ஆனா அவனைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி நிக்கிற தடியன் அந்த டீம்ல இல்ல. அதனால தடியனைத்தான் எடுப்பான். பாருங்க."

"யாரு மொதல்ல எடுக்கிறது? ஜெயிச்சவனா?"

"இல்ல போபோ. போன வருஷம் ரொம்பத் தோத்த டீம்தான் மொதல்ல எடுக்கும்."

"தோத்துக்கிட்டு இருக்கிறவன்தான் மொதல்ல ஆள் எடுப்பானா?"

கடையில் எல்லோரும் கிளாஸைப் பார்த்தார்கள். தஸ்தகீர் பாய் மட்டும் வடிகட்டியைப் பிடித்தபடி தோள் குலுங்கச் சிரித்தார்.*

* ஏன் சிரித்தார் என்று எழுத மாட்டேன். விநாயகமூர்த்தி புட்பால்தான் கேட்டார்.

4.

[இந்தப் பகுதி முழுவதையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படிதான் அடித்தேன். இந்த ஊரில் இப்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். வார்டில் பேருக்கு ஒரு குலுக்கல் போடுகிறார்கள். ரிஹானுக்கு அதற்கான வயது. தஸ்தகீர் பாய்க்கு அவன் ஒரே மகன். இதற்கு மேல் எழுதினால் புட்பால் ஆகாது.]

5.

இப்போது கத்தலாம்.

"டிராப்ட்ல மொதப் பேரே நான் சொன்ன பேரு! எடுத்துட்டாங்க! வாப்பா, எடுத்துட்டாங்க!"

ரிஹான் பெஞ்சின்மேல் ஏறி நின்றான். நான் பேங்க் டிராப்ட் என்று நினைத்து, எங்கிருந்தோ காசு வந்திருக்கிறது, இன்றைக்கு டீ ஓசி என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் தேவராஜ் போய்க்கொண்டிருந்தான்.

தேவராஜைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. காது மட்டும் உள்ள முட்டாளா, காது கொடுக்கவே யாரோ அனுப்பின ஆளா என்று தெரியவில்லை. முதலில் அவனை இரண்டாவது ஆளாகத்தான் எழுதினேன். பிறகு பயந்து முட்டாளாக மாற்றினேன். முட்டாளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் நேரே மாடிக்கு ஓடினான். ரிஹானின் தாய் சைதாவிடம், "தங்கச்சி, ரிஹான் பேரு மொதல்ல வந்துருச்சாம். எடுத்துட்டாங்களாம்" என்றான்.

"எதுல?"

"டிராப்ட்லன்னு சத்தம் போடுறான்."

சைதாவுக்குப் பினாங்கில் ஒரு தங்கச்சி. பாதி இங்கிலீஷ் கலந்துதான் போனில் பேசுவாள்; பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதை டிராப்ட் என்பாள். 'டிராப்ட்ல பேர் வந்தா ஒரு நிமிஷம் வெச்சுக்காதீங்க, கிளப்பி விட்டுருங்க' என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஆக, ஒரே வார்த்தைக்கு விநாயகமூர்த்தி ஒன்று, நான் ஒன்று, ரிஹான் ஒன்று, சைதா ஒன்று வைத்திருந்தோம். சைதாவுடையதுதான் வேகமாக ஓடியது.

மாடியிலிருந்து ஒரு பை இறங்கியது. பின்னாலேயே சைதா. தலையில் முக்காடு நிற்கவில்லை.

"பொன்னண்ணே, வண்டி எங்க?"

"லத்தா பேட்டைக்கு வெங்காயம் போடணும்..."

"வெங்காயம் கெடக்குது. இவனை ஏத்துங்க."

"உம்மா, அது அமெரிக்காவுல!" என்றான் ரிஹான்.

"அமெரிக்கா வரைக்கும் போயிருச்சா உன் பேரு?" என்று சைதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ உம்மா, அது புட்பால்!"

"உசிரு போற நேரத்துல பந்து கேக்குதா உனக்கு? ஏறுடா!"

தஸ்தகீர் பாய் வாயைத் திறந்தார். சைதா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். இறால் பொடி பொரித்த பலாச்சோங் போத்தலை மகன் மடியில் வைத்து, அவன் தலையில் கைவைத்து எதையோ ஓதி, வண்டிக் கதவைச் சாத்தினாள். நானும் ஓட்டினேன். ஏன் என்று கேட்டால், அந்த அம்மாள் அப்படிச் சொன்னால் நீங்களும் ஓட்டுவீர்கள்.

6.

மிங்கலாடோன் பக்கம் போகும் ரோடு வந்தது. விமானமும் அங்கேதான், பட்டாளமும் அங்கேதான். அதற்குள் ரிஹான் சிரித்துச் சிரித்து எனக்கு முழு விஷயத்தையும் விளக்கிவிட்டான்.

"திருப்புங்க போபோ. ரெண்டாவது டீம் எடுக்கப் போவுது. இங்க போன்ல லைன் கெடைக்கல."

வண்டியை ஓரங்கட்டினேன். திருப்புவதற்குத்தான் கட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மாதான் கேட்டேன்.

"ஏன்டா, அமெரிக்காக்காரன் என்ன செய்வான்னு இங்க ஒக்காந்து சொல்லிட்டியே, எப்படிறா?"

"எவன் கெட்டிக்காரன்னு பாக்கக் கூடாது போபோ. எடுக்கிறவனுக்கு என்ன கொறையுதுன்னு பாக்கணும். அப்புறம் எவன் சுலபமாக் கைக்கு ஆப்டுவான்னு பாக்கணும்."

"சரி. நம்ம வார்டுக்குச் சொல்லு."

அவனுக்கு விளையாட்டு. கண் மின்ன ஆரம்பித்தான். "எதிர் வீட்டு சுந்தர் சிங்கப்பூர் போயிட்டான், அவனை விடுங்க. மருந்துக்கடைக்காரர் மகனுக்கு மாமா பெரிய எடத்துல இருக்காரு, தொட மாட்டாங்க. சாந்தியக்கா மகன் படிக்கிறான், தள்ளி வெப்பாங்க. மூலை வீட்டுக்காரனுக்கு நொண்டிக் காலு. அப்புறம்..."

விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவன் நின்றான். இன்னொரு தடவை முதலிலிருந்து மடக்கினான். போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"போபோ, நான் எடுக்கிறவனா இருந்தா..."

[கதை நெடுக வாக்கியங்களை நான்தான் பாதியில் விட்டேன். இதை விட்டது அவன்.]

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பலாச்சோங் வாசனை வண்டி முழுக்க. அவன் இதுவரை ஊகித்ததில் பாதிக்குப் பாதிதான் பலித்தது என்று அவனே சொல்வான். பாதி என்பது ஓட்டுகிறவனுக்குப் பெரிய கணக்கு. லைன் காரில் பிரேக் பாதிக்குப் பாதிதான் பிடிக்கும் என்று தெரிந்தால் நான் ஒருத்தரையும் ஏற்ற மாட்டேன்.

7.

முடிவுகள்.

ஒன்று: வண்டியைத் திருப்பினேன். சைதா மகனை அடித்தாள், பிறகு என்னை ஏசினாள், பிறகு எல்லோருக்கும் டீ. விநாயகமூர்த்திக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "மங்களமா இருக்குண்ணே" என்கிறார்.

இரண்டு: ரிஹானின் ஊகத்தைப் பார்த்து ஓர் அமெரிக்க டீம் அவனை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. இதை லத்தா முழுக்கச் சொல்லித் திரிகிறவன் தேவராஜ். நான் மறுக்கவில்லை. நன்றாகச் சொல்லட்டும்.

மூன்று: வண்டியைத் திருப்பாமல் நேரே [இங்கே ஓர் ஊர்ப் பேர் இருந்தது. அதைச் சுரண்டியதில் தாள் கிழிந்துவிட்டது.]

இதில் எது நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாது. இந்த மலரை யார் யார் வாங்குகிறார்கள், யார் வாங்கி யாரிடம் கொடுக்கிறார்கள் என்றும் தெரியாது. படிக்கிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். வண்டி ஓட்டினவன் நினைக்க மாட்டான்.

கதையைத் தஸ்தகீர் பாயிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். சைதா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். "எப்படி வேணா முடிங்கண்ணே" என்றார் பாய். "முடிஞ்சிருச்சுன்னு மட்டும் போட்டுறாதீங்க."

ஆகவே போடவில்லை. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். யாராவது வந்து ரிஹான் என்று ஒரு பையனைக் கேட்டால், அவன் ஒரு கிழவன் எழுதின கதையில் வருகிறவன், அப்படி ஒரு பையன் ரங்கூனில் இல்லை என்று சொல்லுங்கள். திருப்பிக் கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.