கட்டே பார்க்கிற கண்

மதுரை பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா "வைரஸ்" என்று சொன்னபோது, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த தாய்மார்களில் அது விளங்கியது சுருளியம்மாள் ஒருத்திக்குத்தான். விளங்கித் தொலைத்ததுதான் வினை. பின்னே, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பதினாலு வருசமாகக் கட்டே பார்க்கிறவள் அல்லவா? கட்டே என்பது ஏலச்செடிக்கு வருகிற தேமல். குருத்திலையில் வெளிறிய கோடு கோடாகக் காட்டும், வருசம் போகப் போகத் தூரே குன்றிக் காய்ப்பு நின்றுவிடும். மற்றவர்கள் அந்தக் கோட்டை ஒரு மாசம் கழித்துப் பார்ப்பார்கள். இவள் குருத்து விரியும்போதே பார்த்துவிடுவாள். ஒரு தரம் ஆராய்ச்சி ஆபீசர் வந்து, "இது வைரஸ்மா, செடிப்பேன் பரப்பி விடுது. மருந்து கிடையாது, தூரோட பிடுங்கி அழிச்சிரணும்" என்று விளக்கினார். அவள் கைகாட்டிய தூர்களில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று கங்காணியிடம் மெச்சிவிட்டும் போனார். அன்றைக்கு ஏறிய மிதப்பு அவளுக்கு இறங்கவே இல்லை. இறங்கவும் வேண்டாம், உழைத்துச் சேர்த்த மிதப்புத்தானே.

அப்பேர்ப்பட்ட கண்ணும் பெத்த மகளிடம் ஏமாந்தது. ஒன்பது வயசு சந்திரவல்லிக்கு வலது தாடை வீங்கியபோது, பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துத் தன் கழுத்துத் தங்கச் சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டுவிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். பத்து நாளில் வற்ற வேண்டிய வீக்கம் பதினைந்தாம் நாள் கல்லாக இறுகிப் பல்லை ஆட்டியது. போடி டாக்டர் பார்த்த கையோடு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சதை எடுத்துப் பார்த்துவிட்டு, நிணநீர்க் கட்டி, புற்றுநோயில் ஒரு வகை என்றார்கள்.

"எதுனால வந்துச்சு டாக்டரம்மா?"

"உறுதியா யாருக்கும் தெரியாதும்மா. ஆப்பிரிக்காவுல இதே மாதிரி தாடைக்கட்டி வந்த பிள்ளைங்ககிட்ட ஒரு வைரஸைப் பாத்திருக்காங்க. அதுதான் காரணமான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது…"

மேற்கொண்டு அவர் சொன்னது எதுவும் சுருளியம்மாள் காதில் ஏறவில்லை. வைரஸ் என்றால் மருந்து கிடையாது, பக்கத்தில் இருக்கிறதுக்கும் பரவும். அவளுக்குத் தெரியாததா? போடிக்குத் திரும்புகிற ஜீப்பு டிரைவரிடம், "வைரஸாம், சின்ன மகளை ராசிங்காபுரத்துல அம்மாச்சி வீட்டுலயே வச்சுக்கிறச் சொல்லுங்கண்ணே" என்று புருசனுக்குச் சொல்லி அனுப்பினாள். மகளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தாள். மறுநாள் காலையில் துணிமூட்டையைக் கட்டி, "கெளம்பு தாயி, ஊருக்குப் போவோம். மருந்தில்லாத நோவுக்கு ஊசி எதுக்கு?" என்றாள்.

சந்திரவல்லி கட்டிலைவிட்டு இறங்கவில்லை. லீவு நாளில் ஆத்தாளோடு தோட்டத்துக்குப் போய், நோய்த்தூருக்குப் பக்கத்தில் அடையாளக் குச்சி ஊன்றுகிற பிள்ளை அவள். வீங்கிய வாயால் மெதுவாகக் கேட்டாள். "ஆத்தா, கட்டே வந்த தூரு மாதிரி என்னையப் புடுங்கிப் போட்ருவியா?"

சுருளியம்மாள் மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நேரே டாக்டரம்மாவிடம் போனாள். "கட்டேக்கு மருந்து இல்ல. இதுக்கு இருக்கா, இல்லையா? ஒளிக்காமச் சொல்லுங்க."

கட்டே என்றால் என்னவென்று அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. சுருளியம்மாள் நின்றபடியே விளக்கினாள். கேட்டு முடித்து டாக்டரம்மா சொன்னார். "செடிக்கு வர்றது வேற, இது வேறம்மா. அந்த வைரஸ் உங்களுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். முக்கால்வாசிப் பேரை ஒண்ணும் பண்ணாது. இந்தக் கட்டி யாருக்கும் ஒட்டாது. இதுக்கு மருந்து இருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா வேகமா வளர்ற கட்டி வேகமாவே கரையும்."

"அப்ப ஊசியப் போடுங்க" என்றாள். திரும்பி வந்து தனித் தம்ளரை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

நாலாம் நாள் விடிந்ததும் தாடையைத் தொட்டுப் பார்த்து, "எறங்கிருக்கு" என்றாள். நர்சு சிரித்தாள். சாயங்காலம் டாக்டரம்மா டேப்பு வைத்து அளந்துவிட்டு, கூட வந்த மாணவர்களிடம், "இந்தம்மா காலையிலேயே சொல்லிட்டாங்க" என்றார். சுருளியம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதைவிடப் பெருமை, ஊசி போட்ட ஒவ்வொரு தரமும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துவிட்டு, "அடுத்தது என்னைக்கு?" என்று வாயைத் துடைத்துக்கொண்டே கேட்ட மகளைப் பார்த்தபோது வந்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அதற்கும் அழவில்லை அந்தப் பிள்ளை.

நாலு மாசம் கழித்து, மாசம் ஒருதரம் காட்ட வேண்டும் என்ற சீட்டோடு போடிக்கு வந்து இறங்கினார்கள். மலைக்குப் போகிற ஜீப்பில் வழக்கம்போல நெருக்கியடித்து ஆட்கள். சந்திரவல்லி ஏறி உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த, தோட்டத்தில் கூட வேலை பார்க்கிற பேச்சி ஒரு முழம் தள்ளிக்கொண்டாள். "தப்பா நெனைக்காத மதினி. வைரஸுன்னு நீதான சொல்லிவிட்ட? ஒட்டிக்கிரும்ல?"

தான் கொளுத்திப்போட்டது தன் பிள்ளை மேலேயே வந்து விழுகிறது என்று சுருளியம்மாளுக்குப் புரிந்தது.

"நாந்தான் சொன்னேன், பாதியக் கேட்டுட்டுச் சொன்னேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அது ஒன் ஒடம்புலயும் இருக்கும், என் ஒடம்புலயும் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாக. அதுனால வந்துச்சான்னு அவுகளுக்கே முழுசாத் தெரியல. ஒட்டாதுங்கிறது மட்டும் தெரியும். வந்த கட்டிய என் மக நின்னு கரைச்சிருக்கா."

சந்திரவல்லி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. ஜீப்பு முதல் வளைவில் திரும்பியது. ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள், பேச்சி மட்டும் பிள்ளை மேல் சாயாமல் மேலே கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு விறைத்திருந்தாள்.

"கை வலிக்கப் போகுது அத்தை" என்றாள் சந்திரவல்லி. "இன்னும் நெறைய வளைவு இருக்கு."

அடுத்த வளைவு வந்தது. பேச்சி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.