தேன் நிறத்துக்குக் காத்திருந்தவள்

ஏப்ரல் பிறந்ததிலிருந்து நிபியாவுக்கு விடிந்ததும் ஒரே வேலைதான். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போவாள். அந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதால் அங்கே வளர்த்துவரும் மூன்று கஞ்சாச் செடிகளில் நடுச் செடியின் உச்சிப் பூவிலிருந்து நகக்கண் அளவுக்குக் கிள்ளுவாள். அதை வெள்ளைத் தட்டில் வைத்து, சின்ன நுண்ணோக்கியைப் பொருத்தி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். மாத்தே பானம்கூட அதற்குப் பிறகுதான். மெர்சேதெஸ் ஊரில் ஒருத்தி காலையில் மாத்தே குடிக்காமல் வேறொன்றில் கை வைக்கிறாள் என்றால் அது தலைபோகிற காரியமாகத்தான் இருக்கவேண்டும்.

பூவின் மேல் பிசின் முத்துகள் குண்டூசிகளைப் போலத் தலைதூக்கி நிற்கும். கண்ணாடி மாதிரி இருந்தால் பிஞ்சு. பால் நிறம் ஏறினால் முற்றுகிறது. பாலுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேன் நிறம் தெரிந்தால் அறுக்கலாம். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே மினுமினுப்புதான். போன வருடம் அந்த வெறும் கண்ணை நம்பி மோசம் போனவள் நிபியா.

அன்றைக்கு அவளுடைய தம்பி ஏபெர், "பழுத்தாச்சுக்கா, என் கண்ணு பொய் சொல்லாது" என்று மார்தட்டினான். அறுத்தார்கள், காயவைத்தார்கள், வலிப்புக்கு மருந்தாகும் எண்ணெயை எடுத்தார்கள். எண்ணெயில் ஒரு சத்தும் இல்லை. மகள் மாய்தேவுக்கு வலிப்பு வாரத்துக்கு நாலு தடவை வந்தது. பேருந்து நிறுத்தத்தில் விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. பத்தொன்பது வயதுப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிக்கொண்டாள். அதற்கப்புறம் நிபியா அவளை ரக்பி ஆட்டக்காரர்கள் போடும் மெத்தை வைத்த தலைக்கவசம் இல்லாமல் வாசற்படி தாண்ட விடவில்லை.

அக்டோபரில், ஸ்பெயினுக்குக் குடிபோன ஒரு தோழி தன் எண்ணெயில் இரண்டு குப்பி கொடுத்தாள். அதே செடியின் விதையையும் இந்த நுண்ணோக்கியையும் கையோடு கொடுத்துவிட்டுப் போனாள். மாத்திரையோடு அந்த எண்ணெயும் சேர்ந்ததில் இருந்து மாய்தேவுக்கு ஆறு மாதமாக ஒரு வலிப்புகூட இல்லை. தலைக்கவசம் அலமாரியின் உச்சிக்குப் போனது. திங்கட்கிழமை தொடங்கும் ரொட்டி சுடும் வகுப்பில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். தனியாகப் பேருந்தில் போவாளாம். வேறு எண்ணெய்கள் எதுவும் அவளுக்குக் கேட்டதில்லை. குப்பியில் நாலு வாரத்துக்குத்தான் மிச்சம். அறுத்துக் காயவைத்து எடுக்கவே மூன்று வாரம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஏபெர் வந்தான். மாத்தேவுக்குத் தண்ணீர் வைத்தால் போதும், அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"அக்கா, நாளையிலேர்ந்து நாலு நாள் மழையாம். ரேடியோல அலறுறான்."

"அலறட்டும். இன்னும் பால்தான் தெரியுது. தேன் ஒண்ணுகூட இல்ல."

"பூ பழுக்குற வரைக்கும் மழை காத்துக்கிட்டு நிக்குமா? ஒரு செடியையாச்சும் அறுத்துரு. ஒண்ணே ஒண்ணு. மத்த ரெண்டையும் நீ வச்சுக் கொஞ்சிக்க."

"போன வருசமும் இதே வாய்தான்டா பேசுச்சு. உன் பேச்சைக் கேட்டு எம்பொண்ணு பல்லு ரெண்டு போச்சு."

ஏபெர் மாத்தேக் குடுவையைக் கீழே வைத்தான். அவன் முகம் சுண்டிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது என்று நிபியாவுக்கே தெரிந்தது. ஆனால் சொன்னதில் ஒரு திருப்தியும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இனி நான் வாயைத் திறக்கல சாமி. உன் மைக்ராஸ்கோப்பு சொல்றதைக் கேளு" என்றான்.

"அதைத்தான் கேக்குறேன்."

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நிபியா சந்தையில் வாங்கிய கனத்த நைலான் விரிப்பைக் கம்புகளின் மேல் போட்டு, மூன்று செடிகளையும் நாலாபக்கமும் மூடினாள். காற்று தூக்கிவிடாமல் ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்தினாள், இடைவெளிகளைத் துணிக் கவ்விகளால் கவ்வினாள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மழை வந்தால் அந்த ஊரே அடுப்பை மூட்டி மாட்டுக்கொழுப்பில் ரொட்டி பொரிக்கும். பக்கத்து வீட்டு எல்பா ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள்.

"என்னடி, மழைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு? சூடா தின்னுடி. செடி எங்கயும் ஓடிப்போயிடாது."

"நாலு நாள் தாங்கணும் எல்பா. அதுதான் வேணும்."

"தாங்கும் தாங்கும். எம்புருசனை நான் நாப்பது வருசம் தாங்கலயா?"

மாய்தே வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அந்த முன்பல் இல்லாத சிரிப்பை நிபியா கண்ணாரப் பார்த்தாள்.

தினமும் விடியலில் ஒரு கவ்வியை மட்டும் எடுத்து, கையை உள்ளே விட்டு, அதே உச்சிப் பூவைத் தடவிக் கிள்ளி வருவாள். உள்ளே வெதுவெதுவென்று இருக்கும், நைலானின் உட்பக்கம் வேர்த்திருக்கும். செடிக்குக் கதகதப்பு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள். வியாழன், பால். வெள்ளி, பால். சனி, பால்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. நிபியா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். தேன் நிறம். ஒன்று, இரண்டு, ஏழு, பதினைந்து. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தட்டு முழுக்கத் தேன்.

"மாய்தே! ஏய் மாய்தே! பழுத்துடுச்சுடி!"

மாய்தே இரவு உடையோடு ஓடிவந்து நுண்ணோக்கியில் பார்த்தாள். பிறகு அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சமையலறையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். தன் அறையின் சுவருக்குச் சுவர் கம்பி கட்ட ஆரம்பித்தாள், கிளைகளைத் தொங்கவிட. நிபியா தொலைபேசியை எடுத்தாள்.

"ஏபெர், கத்தரியை எடுத்துக்கிட்டு வாடா. சொன்னதை மனசுல வச்சுக்காத."

"அதை அப்பவே மறந்துட்டேன். வர்றேன்" என்றான். வந்துவிட்டான்.

நைலானை உருவி எறிந்தார்கள். புளித்த வாடை ஒன்று முகத்தில் அடித்தது. நிபியா அதைக் கவனிக்காத மாதிரி கத்தரியைத் துடைத்தாள். ஏபெர் நடுச் செடியின் அருகில் போய், உச்சிப் பூவுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். நல்ல பூவில் இலை பிடித்துக்கொள்ளும், கிள்ளித்தான் எடுக்கவேண்டும். இது வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

அவன் அடுத்த பூவில் இழுத்தான். வந்தது. அடுத்த செடியில் இழுத்தான். அதுவும் வந்தது.

"என்னடா?" என்றாள் நிபியா.

அவன் உச்சிப் பூவை இரண்டாகப் பிளந்தான். உள்ளே தண்டெல்லாம் பழுப்பாகக் குழைந்திருந்தது. சாம்பல் நிறப் பூசணம் புகைபோல எழுந்து அவன் சட்டைக் கையில் படிந்தது. நாலு நாளாக அவள் அடைத்து வைத்திருந்த வேர்வையில் செடி உள்ளுக்குள்ளேயே வெந்து அழுகிவிட்டது. மேலே முத்துகள் பழுத்துத் தேனாகவில்லை, செத்துப் பழுப்பாயிருந்தன. நுண்ணோக்கி உள்ளதைத்தான் காட்டியது. அவள் காணவேண்டும் என்று நினைத்ததைக் கண்டாள்.

இருவரும் ஒவ்வொரு பூவாகப் பிளந்தார்கள். கீழ்க்கிளையில் இருந்த சுண்டுவிரல் நீளப் பூக்கள்கூட மிஞ்சவில்லை.

"வெளிப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தா?" என்றாள் நிபியா.

"வேணாங்க்கா. பூசணத்தைக் காய்ச்சி புள்ளைக்குக் குடுக்க முடியாது."

"நீ சொன்னியேடா. ஒரு செடியாச்சும்னு சொன்னியே."

"விடுக்கா."

அவன் திட்டியிருந்தால் தேவலை. இரண்டு அறை வைத்திருந்தால்கூடத் தேவலை. அவன் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினான். நிபியா ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அடுத்த பூ வர ஒரு வருடம். குப்பியில் மூன்று வாரம். நடுவில் இருக்கும் அத்தனை மாதத்திலும் ஒவ்வொரு வலிப்பும் தன் கையால் வந்தது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டியிருக்கவில்லை.

உள்ளே மாய்தே கம்பி கட்டி முடித்துவிட்டாள். "கொண்டு வாங்க! என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினாள். பிறகு தானே கொல்லை வாசலுக்கு வந்து நின்றாள். பிளந்து கிடந்த பூக்களைப் பார்த்தாள், மாமாவின் சட்டைக் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வருடக்கணக்காகச் செடிகளோடு வளர்ந்தவள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"எல்லாமா?" என்று கேட்டாள்.

ஏபெர் தலையாட்டினான்.

அவள் உள்ளே போனாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தத் தலைக்கவசம் இருந்தது. இரவு உடையின் ஓரத்தால் அதன் தூசியைத் துடைத்தாள். தலையில் மாட்டிப் பார்த்தாள். ஆறு மாதத்தில் முடி அடர்ந்து வளர்ந்திருந்தது, தாடைக்குக் கீழே வார் எட்டவில்லை.

"அம்மா," என்று அருகில் வந்து மண்டியிட்டாள், "ஒரு துளை தள்ளிப் போட்டு விடேன். குப்பி தீர்றதுக்குள்ள இதைத் திரும்பப் பழகிக்கணும். நாளைக்கு வகுப்பு இருக்கு. நீயும் கூட வந்துடு."

நிபியா வாரைப் பிடித்தாள். அவள் விரலெல்லாம் பிசின் அப்பியிருந்தது. மாட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.