தோள் மாற்று

பாடை மூங்கிலின் கடைசி முடிச்சை வாசு இறுக்கிக்கொண்டிருந்தபோது மாத்தாமாத்தா ஒருவர் வாசலில் சைக்கிளைச் சாத்தினார். பிணத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அதுவரைக்கும் நல்ல போலீஸ்காரர்தான்.

“பொணத்தோட அஞ்சு பேருதான் போகணும். பெரிய துரை ஆர்டர். ஆறாவது ஆள் சேர்ந்தா கூட்டம்லா. புடிச்சிடுவோம்.”

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த மாதம் அது. வாசுவின் அண்ணன் சுப்பையா தொங்கான் படகுகளில் மூட்டை இறக்கியவர். கூலி கேட்பதும் குற்றமில்லை, கூடிப் பேசுவதும் குற்றமில்லை என்று கரையில் நின்று பேசினார். பேசியதற்கே உள்ளே போனார். காய்ச்சலோடு வெளியே வந்தவர் நேற்றுக் கண்ணை மூடிவிட்டார். வாசு வக்கீல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சட்டம் துரைமார் வீட்டு நாய், அவர்கள் கூப்பிட்டால்தான் வரும் என்று அண்ணனைக் கேலி செய்வான்.

அண்ணி ருக்குமணி உள்ளேயிருந்து வந்தாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

“ஊருக்காகப் பேசுன மனுசன். அநாதைப் பொணமாட்டம் அனுப்ப மாட்டேன் தம்பி.”

“என்ன அண்ணி பண்றது? கொள்ளிச்சட்டிக்கு நானு, தூக்க நாலு பேரு. அதோட சரி.”

அவள் பாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சுடுகாடு தூரமாச்சே. வழியில தோள் மாத்திக்கலாமான்னு அவரைக் கேளுங்க.”

மாத்தாமாத்தா யோசித்தார். “தோள் வலிச்சா மாத்திக்க. எப்பவும் அஞ்சுதான் இருக்கணும்.”

அண்ணி பக்கத்து வீட்டு மஹ்பூபாவின் காதில் ஏதோ சொன்னாள். மஹ்பூபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

பாடை கிளம்பியபோது தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வாசு சட்டியோடு முன்னால் நடந்தான். முனை திரும்பினான். விளக்குக் கம்பத்தடியில் தொங்கான் ஆள் ஒருவர், தனியாக நின்றிருந்தார். அடுத்த கம்பத்தில் இன்னொருவர். அதற்கடுத்ததிலும். சாலை கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் கம்பத்துக்கு ஓர் ஆள்.

“தோள் மாத்து” என்றது பின்னால் ஒரு குரல். ஒருவர் விலகி ஓரத்தில் நின்ற பிறகே அடுத்தவர் தோள் கொடுத்தார். இடைப்பட்ட ஓரிரண்டு அடிக்கு மூன்று பேரே அண்ணனைத் தாங்கினார்கள்.

கப்பித்தான் பள்ளிவாசலருகே நாசி கண்டார் விற்கும் கமால் சோற்றுக் காவடியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். தழும்பேறிய தோள் அவருடையது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மாத்தாமாத்தா ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணினார். “சாத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா.” எண்ணிக்கை ஒருமுறையும் பிசகவில்லை. போகப் போக அவர் குரல் தணிந்து, கடைசியில் நின்றே போயிற்று.

கொள்ளிச்சட்டி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசு பார்க்கவில்லை. காலடிச் சத்தம் மாறிக்கொண்டே வருவதைக் கேட்டபடி நடந்தான். அண்ணன் இவ்வளவு பெரிய ஆளா என்று நினைத்தான். அஞ்சு பேருக்கு மேல் கூடாது என்ற சட்டத்துக்குள்ளேயே துறைமுகம் முழுவதும் வந்து அவரைத் தூக்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“எத்தனை பேரு தம்பி வந்தாங்க?”

“அஞ்சு பேருதான் அண்ணி.”

தோள் கொடுத்தவர்களில் ஒருவர் வாசலில் கால் கழுவிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் இன்னொருவர் வந்தார். அப்புறம் இன்னொருவர். அண்ணி எட்டிப் பார்த்தாள்.

“மஹ்பூபாக்கா, தண்ணி பத்தாது. இன்னொரு குடம் வைங்க.”