ஏழாம் முறை ஊற்றியது

டாக்டர் ஒதிலியா எங்கள் ஹீலியம் கூடத்துக்குத் தர வேண்டிய பாக்கி ஏழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு யூரோ. எழுபத்தாறு லிட்டர் வீதம் ஆறு முறை திரவ ஹீலியம் வாங்கியிருந்தாள். கோஷித்ஸே நகரில் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் நிலவறையில் இருக்கும் அவள் கருவி வரை அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஊற்றியவன் நான்.

கணக்குப் பார்க்கும் இம்ரிக் கறாராகச் சொல்லிவிட்டான்.

"பாக்கி வராம ஒரு சொட்டு கிடையாது டாக்டரம்மா. இது என்ன, குழாய்த் தண்ணியா?"

"ஒரே ஒரு தடவ, இம்ரிக். மார்ச்சோட என் வேலையே முடியுது. அதுக்குள்ள நிரூபிக்கலேன்னா எல்லாம் போச்சு."

"சிக்னல் வந்துச்சுன்னு கேக் வெட்டினீங்களே? நானும் தின்னேனே. அப்புறம் ஏழாவது எதுக்கு?"

அவள் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். காலிப் பாத்திரத்தோடு நானும் வந்தேன். பையிலிருந்த பொகாச் ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி நீட்டினாள்.

"ஊத்துன ஒவ்வொரு தடவையும் படிகத்த பத்துத் தரம் சூடாக்கிக் குளுர வெச்சேன் கெய்சா மாமா. அறுபது தரமும் சிக்னல் வலப்பக்கம்தான். அதான் பயமா இருக்கு."

"ஒரே மாதிரி வந்தா நல்லதுதானே?"

"கேளுங்க. ஹீலியம் குடுக்குற அந்தக் குளிர்ல எலக்ட்ரான் ரெண்டு ரெண்டா ஜோடி சேரும். சாதாரண ஜோடியப் படம் புடிச்சு, பின்னாலேந்து ஓட்டுனா ஒரு வித்தியாசமும் தெரியாது. என் படிகத்துல ஜோடியெல்லாம் ஒரே திசையில சுத்துதுன்னு நெனக்கிறேன். பின்னாலேந்து ஓட்டுனா திசை மாறிடும். சுத்துறதால தானா துளி காந்தமும் வரும். அதத்தான் அளக்குறேன்."

"அதான் வந்துச்சே."

"வரணும். ஆனா இடமா வலமான்னு கட்டாயம் இல்ல. மாறி மாறி வரணும். அறுபதும் வலம்னா, யாரோ பக்கத்துல நின்னு தள்ளுறாங்கன்னு அர்த்தம். பூமியோட காந்தம்கூட உள்ள போகாம உலோக உருளை போட்டு மூடியிருக்கேன். பின்ன எங்கேந்து வருது?"

கையிலிருந்த ரொட்டியைப் படியில் வைத்தேன்.

ஊற்றி முடித்ததும் அளவைச் சீட்டில் எழுதி, அங்கேயே மாட்டி வைக்க வேண்டும். இம்ரிக்கின் விதி. நாற்பத்தோரு வயதில்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அதனால் அந்தச் சீட்டை நிதானமாக, அழகாக எழுதுவேன். உருளையின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டுவேன். கிளிப் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று அந்த நிமிஷம்வரை நான் யோசித்ததில்லை.

பேசாமல் கழற்றி எறிந்திருக்கலாம். என் வேலையும் வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தம் கையெழுத்தாகிற வேலைதான். ஆனால் அறுபதும் ஏன் பிசகின என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

"டாக்டரம்மா, என் சீட்டு கிளிப்புக்குள்ள காந்தம் இருக்கும்போல."

அவள் ஓடினாள். கிளிப்போடு திரும்பி வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய், இம்ரிக்கின் இரும்புப் பெட்டியில் வைத்தாள். டக்கென்று ஒட்டியது.

"எட்டு மாசமா இதத் தேடுறேன்!"

இம்ரிக் என் பக்கம் திரும்பினான். "யோவ், மூளைய வீட்ல கழட்டி வச்சுட்டா வர்ற?"

"நீதான்யா குடுத்த. உன் டப்பாவுலேந்து எடுத்து."

அவன் மேசை இழுப்பறையைத் திறந்தான். டப்பாவில் இன்னும் பதினேழு கிளிப் இருந்தன. ஒன்றை எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பார்த்தான்; அதுவும் ஒட்டியது.

"போய் ஏழாவத ஊத்து," என்றான் கடைசியில்.

உருளையில் ஏறியிருந்த காந்தத்தை இறக்கவே இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மதியம் ஊற்றினேன். சீட்டை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

படிகம் குளிர்ந்தது. திரையில் கோடு மேலே ஏறியது. "வலம்," என்றாள். சூடாக்கி மறுபடி குளிரவைத்தாள். "வலம்." குரல் இறங்கிவிட்டது. மூன்றாம் தரம் கோடு கீழே போனது. "இடம்!" என்றாள். நான்காவதும் கீழே. ஐந்தாவது மேலே. பத்தில் ஆறு வலம், நான்கு இடம். அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தள்ள யாரும் இல்லாதபோதும் அது சுற்றியது. எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு முறையும் அதுவே முடிவு செய்தது.

சாயங்காலம் இம்ரிக் பேரேட்டோடு கீழே வந்தான்.

"ஏழாவதுக்கு ஆயிரத்து இருநூத்திப் பதினாறு. அத விடமாட்டேன்."

"நாளைக்கே கட்டிடறேன்."

பழைய ஆறு வரிகளுக்கும் எதிரே 'கூடத்தின் தவறு' என்று எழுதி, ஏழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறின் மேல் இரண்டு கோடு இழுத்தான்.